டோக்கியோவிலிருந்து டர்பன் வரை: மங்கா பற்றி வாசகர் கேள்வி – பதில்

கே: என் பேரன் படிக்கும் ஜப்பானியச் சித்திரக்கதையே டிவியிலும் ஓடுகிறது, சினிமாவாகவும் வருகிறது, பொம்மையாகவும் விற்கிறது. எது முதலில் வந்தது? இதற்கெல்லாம் யார் முதல் போடுகிறார்கள்?
– வாசகி, ஃபீனிக்ஸ்

ப: பெரும்பாலும் முதலில் வருவது மங்கா எனப்படும் சித்திரக்கதையின் பத்திரிகைத் தொடர்தான், அம்மா. ஷுயெய்ஷா பதிப்பகத்தின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழைப் பாருங்கள். ஒவ்வொரு கதைக்கும் வாரத்துக்கு 19 பக்கம் அளவில் ஓர் அத்தியாயம். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று கதைகளைக் குறித்து அனுப்புவார்கள். அந்தக் கணக்கில் தொடர்ந்து கடைசியில் கிடக்கும் கதை 10, 20 வாரத்திலேயே நிறுத்தப்படலாம். தப்பிப் பிழைத்த கதை, 9 அல்லது 10 அத்தியாயம் சேர்ந்ததும் ஏறத்தாழ 200 பக்கப் புத்தகமாகும். பேரன் கையில் இருப்பது அதன் ஆங்கிலப் பதிப்பு.

புத்தகம் நன்றாக விற்றால் அடுத்தது அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர். இதற்குத் தனி ஒருவர் பணம் போடுவது அரிது. பதிப்பகம், டிவி நிலையம், இசைத்தட்டு நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் பங்கு போட்டு ஒரு ‘தயாரிப்புக் குழு’ அமைப்பார்கள். வருமானம் பங்குக்கு ஏற்பப் பிரியும். படம் வரையும் ஸ்டூடியோ பல சமயம் அந்தக் குழுவிலேயே இருக்காது. பேசிய கூலியை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். பொம்மை கோடிக்கணக்கில் விற்றாலும் அந்த ஸ்டூடியோவில் வரைந்தவர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. இந்த முறையில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான். மாறாக, ‘டீமன் ஸ்லேயர்’ அனிமேயில் அனிப்ளெக்ஸ், ஷுயெய்ஷா, யுஃபோட்டேபிள் ஸ்டூடியோ என்று மூவர் மட்டும் பங்கு வைத்தார்கள். மங்கா 2016இல் தொடங்கியது, டிவி அனிமே 2019 ஏப்ரலில் வந்தது. அனிமேக்குப் பிறகுதான் புத்தகம் கடையில் நிற்காமல் பறந்தது. 2020 அக்டோபரில் வந்த திரைப்படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. படத்துக்குப் புத்தகம் விளம்பரம் என்று நினைக்கிறோம். நடப்பது அதற்கு நேர்மாறு.

கோளாறு எங்கே வருகிறது என்றால், வேகத்தில். அனிமேயின் ஒரு பகுதி 24 நிமிடம். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் 90 விநாடி வீதம் போக, மிச்சத்தில் இரண்டு மூன்று அத்தியாயம் அடங்கிவிடும். மங்காவோ வாரத்துக்கு ஒரே அத்தியாயம்தான் நகர்கிறது. ஆண்டு முழுக்க ஓடும் அனிமே சீக்கிரமே மங்காவை எட்டிப் பிடித்துவிடும். அப்போது கதையில் இல்லாத இட்டுக்கட்டிய பகுதிகளைச் செருகுவார்கள், அல்லது ஒரே காட்சியை இழுப்பார்கள். 2003இல் வந்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ அனிமே மூலத்தை எட்டிப் பிடித்ததால் சொந்த முடிவையே வைத்துக்கொண்டது. மங்காவைப் பின்பற்றி 2009இல் முதலிலிருந்து மீண்டும் எடுத்தார்கள். இப்போது 12, 13 பகுதி மட்டும் எடுத்து, இடைவெளி விட்டுத் தொடர்வது இந்தத் தொல்லைக்குப் பயந்துதான்.

கே: ‘ஒன் பீஸ்’ நடிகர்களை வைத்து எடுத்த தொடரை நம் கேப் டவுனில் படம் பிடித்தது ஏன்?
– வாசகர், ரைலண்ட்ஸ்

ப: கடற்கொள்ளையர் கதைக்குக் கப்பல் வேண்டும். கேப் டவுன் ஃபிலிம் ஸ்டூடியோஸில் ‘பிளாக் செயில்ஸ்’ தொடருக்காக ஏற்கெனவே பெரிய கப்பல்களைக் கட்டிப் பழகிய தச்சர்களும் தொழிலாளர்களும் இருந்தார்கள். கடலும் மலையும் பக்கத்திலேயே. போதாததற்கு, வெளிநாட்டுப் படங்கள் இங்கே செய்யும் தகுதியான செலவில் 25% திருப்பித் தரும் அரசுத் திட்டமும், டாலருக்கு எதிரான நம் ரேண்டின் குறைந்த மதிப்பும் சேர்ந்தன.

நெட்ஃபிளிக்ஸில் 2023 ஆகஸ்ட் 31 அன்று 8 பகுதிகள் வந்தன. மங்காவில் ஏறத்தாழ 95 அத்தியாயம் சொல்லும் கதை அது. அனிமேயில் 44 பகுதி ஓடியது. பகுதிக்குப் பன்னிரண்டு அத்தியாயம் என்றால் எவ்வளவு வெட்டியிருப்பார்கள் என்று பாருங்கள்! பல நடிகர் தொடர்கள் தோற்பது இந்த வெட்டில்தான். சண்டையை வைத்துக்கொண்டு, சண்டைக்குக் காரணமான பழைய கதையை எடுத்துவிடுவார்கள். இதில் அதைச் செய்யவில்லை. மூல ஆசிரியர் எயிச்சிரோ ஓடாவின் ஒப்புதல் இல்லாமல் தொடர் வெளிவராது என்ற ஏற்பாடு பெரிதும் உதவியது.

கே: புத்தகம் விலை அதிகம். மலிவாக, திருட்டுத்தனம் இல்லாமல் படிக்க வழி உண்டா? ஜப்பானிலிருந்து டிஸ்க் வரவழைக்கலாமா?
– மாணவர், லெனேசியா

ப: உண்டு. ஷுயெய்ஷாவின் ‘மங்கா பிளஸ்’ 2019 ஜனவரியிலிருந்து நடக்கிறது. பெரும்பாலான தொடர்களில் முதல் மூன்று அத்தியாயமும் கடைசி மூன்று அத்தியாயமும் இலவசம், அதுவும் ஜப்பானில் வெளிவரும் அன்றே. நடுவில் உள்ளவற்றுக்கு, ஆங்கிலப் பதிப்பை வெளியிடும் விஸ் மீடியாவின் ‘ஷோனென் ஜம்ப்’ செயலி. மாதச் சந்தா கட்டினால் பழைய அத்தியாயங்கள் திறக்கும், நாளுக்கு 100 என்பது வரம்பு. உரிமம் நாடு பார்த்துத்தான் கொடுக்கப்படும். அந்தச் செயலி திறக்கும் சில நாடுகளில் இந்தியாவோடு தென்னாப்பிரிக்காவும் இருப்பது நமக்கு நல்வாய்ப்பு.

அச்சில்தான் வேண்டுமென்றால், ‘ஒன் பீஸ்’ போன்ற நீண்ட தொடர்களுக்கு மூன்று தொகுதியை ஒன்றாகக் கட்டிய பதிப்பு உண்டு, அதையே கேளுங்கள். நம் நாட்டில் புத்தகத்துக்கும் 15% வாட் வரி உண்டு என்பதால், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அதையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் கவனம். எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டுப் பெட்டியில் ஓடும் என்று உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். டிவிடியில் ஜப்பானும் நாமும் ஒரே 2ஆம் மண்டலம். புளூ-ரேயில் ஜப்பான் ‘ஏ’, நாம் ‘பி’. மண்டலப் பூட்டுப் போட்ட ஜப்பானியப் புளூ-ரே இங்குள்ள பெட்டியில் ஓடாது. ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பல ஜப்பானியப் பதிப்புகளில் அது இருக்காது.

கே: காவடித் திருவிழாவில் கடை போடுகிறோம். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று ‘ஒன் பீஸ்’ நாயகன் லூஃபி படத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

ப: கூடாது. ஜப்பானியப் படைப்புக்கும் இங்கே 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 1997ஆம் ஆண்டின் போலிப் பொருள் சட்டப்படி சரக்கைப் பறிமுதல் செய்யலாம். நீங்களே கையால் வரைந்திருந்தாலும் பாத்திரம் அவர்களுடையதுதான்.

முறையான உரிமம் பொருள்வாரியாக, நாடுவாரியாக, ஆண்டுக் கணக்கில் தரப்படும். விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அதற்குமேல் விற்பனையில் பங்கு, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஜப்பானின் ஒப்புதல் என்று போகும். சிறு கடைக்குக் கட்டுப்படியாகாது. உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடம் வாங்கி, ரசீதைக் கடையிலேயே வைத்திருங்கள். சரக்கில் ஓடா, ஷுயெய்ஷா, அனிமே எடுக்கும் தோயெய் அனிமேஷன் என்ற உரிமை வரி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாத சரக்கைத் தொடாதீர்கள்.

கே: தமிழில் மங்கா வருமா?
– வாசகி, மெரெபேங்க்

ப: திரையில் வந்துவிட்டது. ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ 2025 செப்டம்பரில் இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் ஓடியது. அச்சில் கொண்டுவருவதுதான் கடினம். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே இறங்குவதால் பேச்சுக் குமிழிகள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரு சொல்லை அதில் அடைத்துப் பாருங்கள்! எழுத்து எறும்பளவாகும், இல்லையென்றால் சொல் மூன்று துண்டாகும். ‘போயிட்டிருக்கேன்’ என்று பேச்சுத்தமிழில் எழுதினால் ஓரளவு அடங்கும். மொழிபெயர்ப்பவர் குமிழியை அளந்துகொண்டே எழுத வேண்டிய வேலை இது.

கே: என் மகளுக்கு வயது 17. மங்கா பாணியில் நன்றாக வரைகிறாள். ஜப்பானுக்கு அனுப்ப முடியுமா?
– தாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: தாராளமாக. ஷுயெய்ஷாவின் ‘மங்கா பிளஸ் கிரியேட்டர்ஸ்’ ஆங்கிலப் படைப்புகளை ஏற்கிறது. ‘சைலண்ட் மங்கா ஆடிஷன்’ போட்டிக்கு வசனமே இல்லாத கதை வேண்டும். மொழி தடையாகாததால் முதல் முயற்சிக்கு அதையே சொல்வேன். ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் 2007 முதல் தரும் சர்வதேச மங்கா விருதுக்கு 24 பக்கமாவது இருக்க வேண்டும்.

தாளில் வரைந்தால் பி4 அளவு. உள்சட்டம் 180க்கு 270 மி.மீ.; வெட்டியபின் பக்கம் 220க்கு 310 மி.மீ.; விளிம்பைத் தொடும் படத்தை அதற்கு வெளியே இன்னும் 5 மி.மீ. நீட்ட வேண்டும். முகமும் வசனமும் உள்சட்டத்தைத் தாண்டினால் வெட்டில் போய்விடலாம். ஸ்கேன் 600 டிபிஐ, சுத்தக் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறமாக எடுத்துப் பிறகு சுருக்கினால் புள்ளி நிழல்கள் ஒன்றோடொன்று மோதி, பட்டுப்புடவையின் அலைபோல் வரிவரியாகத் தெரியும். ஜேபெக்கில் சேமிக்க வேண்டாம், டிஃப் அல்லது பிஎன்ஜி போதும். வலமிருந்து இடமா, இடமிருந்து வலமா என்பதை முதல் பக்கத்துக்கு முன்பே முடிவு செய்யட்டும். பிறகு கண்ணாடி பிம்பமாகத் திருப்பினால் வலக்கையர்கள் எல்லாம் இடக்கையர்கள் ஆகிவிடுவார்கள். ஆரம்ப கால ஆங்கிலப் பதிப்புகளில் இப்படித்தான் நடந்தது.

யாராவது வெளியிட முன்வந்தால், மொத்த உரிமையையும் எழுதிக் கொடுக்க விடாதீர்கள். ஜப்பானில் பதிப்புரிமை பெரும்பாலும் வரைந்தவரிடமே தங்குகிறது. அனிமே, பொம்மை, பிறமொழி ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் வருவது அதனால்தான். எந்த மொழி, எந்த நாடு, அச்சா மின்வடிவமா, எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் தனித்தனியே இருக்கட்டும். ‘எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்’ என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். நம் சட்டப்படி பதிப்புரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையொப்பமும் வேண்டும்; வாய்ப்பேச்சில் அது போய்விடாது. மகளுக்கு 18 ஆகவில்லை என்பதால் உங்கள் கையொப்பத்தையும் கேட்பார்கள். வக்கீல் ஒருவரிடம் காட்டிய பிறகே பேனாவைத் தொடுங்கள்.