அறையில் காணாமல் போகும் பேஸ் காரில் அதிர்வது ஏன்?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் மாடியில் உள்ள பத்துக்குப் பத்து அறையில் எலெக்ட்ரானிக் இசை செய்கிறேன். கீழே விசைத்தறி ஓடுகிறது. அதனால் ராத்திரியில்தான், அதுவும் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் வேலை. அறையில் நன்றாகக் கேட்கும் டிராக்கை ஏற்காடு போகும்போது நண்பரின் காரில் போட்டால் பேஸ் கதவையே அதிர வைக்கிறது. மாஸ்டரில் (பாட்டை வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டம்) சத்தத்தை மைனஸ் 6 எல்.யூ.எஃப்.எஸ். (பாட்டின் சத்தத்தை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) வரை ஏற்றியும் ஸ்பாட்டிஃபையில் மற்றவர்கள் பாட்டுக்குப் பக்கத்தில் சோர்ந்து நிற்கிறது. நல்ல மாஸ்டரிங் ப்ளக்-இன் (இசை மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். உங்கள் அறை உங்களுக்கு ஒரு தகவலை மறைக்கிறது. அதை எந்த ப்ளக்-இன்னாலும் சொல்ல முடியாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,150 அடி ஓடும். 10 அடி அறையில் ஒரு சுவரில் இருந்து எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்ப 20 அடி. வகுத்தால் 57 வருகிறது. அதாவது 57 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஒலி அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே நிலைகொண்டு நிற்கும். சுவரோரத்தில் அது பொங்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். உங்கள் அறை நீளத்திலும் அகலத்திலும் 10 அடி. கூரையும் அதே உயரம் என்றால் மூன்று திசையிலும் ஒரே அதிர்வெண்ணில் அடி விழுகிறது. கிக்கும் (தாளத்தின் கனமான டிரம் அடி) பேஸும் வாழ்வதே அங்கேதான். ஏ மைனரில் டிராக் செய்தால் பேஸின் மூல சுரமே 55 ஹெர்ட்ஸ்.

இதை நீங்களே சோதிக்கலாம். சின்தசைசரில் 55 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். நடுவில் தேய்ந்து, மூலையில் உறுமும். நடுவில் நாற்காலி போட்டிருந்தால் இத்தனை நாளும் இல்லாத குறைக்காகப் பேஸை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறீர்கள்.

ராத்திரி சத்தம் குறைத்து வேலை செய்வதும் அதே திசையில் தள்ளுகிறது. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸைத்தான் முதலில் கைவிடும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. இந்த இரண்டும் சேர்ந்து ஏற்றிவிட்ட பேஸ்தான் காரில் வெளிப்படுகிறது. காரின் சின்னக் கூடு அடிபேஸைத் தன் பங்குக்கும் தூக்கிக் கொடுக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மேசையை நகர்த்தி, தலை முன்சுவரில் இருந்து நாலடி தூரத்தில் இருக்கும்படி உட்காருங்கள். இடவலமாக நடுவில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீரியோ சாய்ந்துவிடும். அதனால் பக்கச் சுவர்களால் வரும் குறை தீராது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எடுக்கும் முடிவை எல்லாம் ஹெட்ஃபோனில் ஒருமுறை சரிபாருங்கள். மூலைகளில் தடியான இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் ஓரளவு உதவும். நாமக்கல் பக்கத்தில் இருப்பதால் முட்டை அட்டை சுலபமாகக் கிடைக்கும், பலர் அதைச் சுவர் முழுக்க ஒட்டுகிறார்கள். மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் மங்கவைப்பதைத் தவிர அது பேஸுக்கு எதுவும் செய்யாது.

அப்புறம், உங்கள் பாணியில் உங்களுக்குப் பிடித்த இரண்டு டிராக்குகளை அதே புராஜெக்ட்டில் போட்டு, உங்கள் மிக்ஸின் (எல்லா ஒலிகளையும் கலந்த கலவை) சத்த அளவுக்குக் குறைத்து, மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் சத்தமானதே நல்லதாகத் தோன்றும். ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சித்திரை மாதத்தில் கஷ்டம்தான், பத்து நிமிஷம் போதும்.

இனி சத்த விஷயம். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கிறது. நீங்கள் மைனஸ் 6-ல் கொடுத்தால் 8 டெசிபல் குறைத்துவிடும். அந்த 8 டெசிபலுக்காக லிமிட்டரில் (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவி) நசுக்கிய கிக்கின் அடி மட்டும் திரும்பி வராது. நசுங்காத டிராக் அதே அளவில் பக்கத்தில் வரும்போது உங்களுடையது சோர்ந்து தெரிவது இதனால்தான். அதற்காக மைனஸ் 14-ஐக் குறிவைத்து மாஸ்டர் செய்யுங்கள் என்று சொல்லமாட்டேன். டிஜே ஒருவர் உங்கள் டிராக்கைப் போடும்போது அங்கே இப்படிச் சத்தத்தைச் சமன் செய்வது கிடையாது. நடனத்துக்கான டிராக் என்றால் மைனஸ் 9 பக்கம் நிறுத்துவது என் வழக்கம். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே இதை அளக்கும். ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்ச அளவு) மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். எம்பி3 போன்ற வடிவத்துக்குச் சுருக்கும்போது உச்சங்கள் கொஞ்சம் மேலே எழும்.

லிமிட்டர் ஒவ்வொரு கிக்கையும் 3 டெசிபலுக்கு மேல் அமுக்குகிறதா? மாஸ்டரை மூடிவிட்டு மிக்ஸுக்குத் திரும்புங்கள். கிக்கின் வாலைக் குறைத்து, அது விழும் நேரத்தில் பேஸ் ஒதுங்கும்படி சைட்செயின் வையுங்கள். தேவையில்லாத அடிபேஸை பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சின்த்), ரிவெர்ப் (எதிரொலி விளைவு) எல்லாவற்றிலும் வெட்டுங்கள். லிமிட்டருக்குப் பாதி வேலை குறைந்துவிடும், சத்தமும் தானே ஏறும். ஈக்வலைசரிலும் இதே அளவுகோல்தான். மாஸ்டரில் 2 டெசிபலுக்கு மேல் திருப்பத் தோன்றினால் கோளாறு மிக்ஸில் இருக்கிறது.

இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கும் மோனோ பட்டனையும் அழுத்திப் பாருங்கள். புளூடூத் பெட்டிகள் பலவும் நடைமுறையில் மோனோதான். அகலமாக விரித்த சின்த் மோனோவில் முங்கிப்போனால் விரிப்பைக் குறையுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே நடுவில் இருக்கட்டும்.

கார் சோதனையை விட்டுவிடாதீர்கள், ஆனால் மலை ஏறும்போது வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் இன்ஜின் இரைச்சல் அடிபேஸை மூடும். உயரம் ஏற ஏறக் காதும் அடைத்துக்கொள்ளும். அடிவாரத்திலேயே ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முதலில் நீங்கள் ஒப்பிட்ட டிராக்கையும் பிறகு உங்களுடையதையும் கேளுங்கள். தோன்றியதை ஃபோனில் எழுதிக்கொண்டு, மறுநாள் காலை தறி ஓடத் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கித் திருத்துங்கள். 24 பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, பழையதையும் அழிக்காமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.