ரேடியோ காருக்கு எந்த பேட்டரி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரேடியோ அலையால் தொலைவிலிருந்து இயக்கும் மாதிரிக் காருக்கு நல்ல பேட்டரி எது என்று கேட்டு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை காரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஈஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்படுத்தி அதிகபட்சம் எத்தனை செல்களைத் தாங்கும், பேட்டரி அமரும் தட்டின் நீள அகல உயரம் என்ன, கையிலுள்ள சார்ஜர் எந்த வகை ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் எந்தப் பரிந்துரைக்கும் பொருள் உண்டு.

கேள்வி: என் காருடன் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி வந்தது. அதற்குப் பதிலாக 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போட்டால் மோட்டார் கருகிவிடுமா?

கருகாது. ஆறு செல் கொண்ட நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரியும் சார்ஜ் ஏறி முடிந்ததும் 8 வோல்ட்டைத் தாண்டியே நிற்கும். இரண்டு செல் லிப்போ, அதாவது 2எஸ், முழு சார்ஜில் 8.4 வோல்ட். எனவே மோட்டார் இதுவரை காணாத மின்னழுத்தம் எதையும் நீங்கள் கொடுக்கப் போவதில்லை. வேறுபாடு சுமையின்போதுதான் தெரியும். வேகத்தைக் கூட்டும் திராட்டிலை முழுதாக அழுத்தும்போது நிக்கல் பேட்டரியின் மின்னழுத்தம் வெகுவாகச் சரியும். லிப்போவில் அந்தச் சரிவு குறைவு என்பதால், கார் ஓட்டம் முடியும் தறுவாயிலும் தொடக்கத்தில் இருந்த வேகத்தை ஏறக்குறைய விடாமல் ஓடும்.

கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு இடங்களில். முதலாவது, லிப்போ செல் ஒன்றின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதற்கு மீளாச் சேதம் ஏற்படுகிறது. நிக்கல் பேட்டரி காலியாகும்போது கார் மெல்லத் தளர்ந்து நமக்குச் செய்தி சொல்லிவிடும், லிப்போ அப்படிச் சொல்லாது. ஆகவே செல்லுக்கு 3.2 முதல் 3.4 வோல்ட் வரையிலான ஏதோ ஓர் அளவில் மின்சாரத்தைத் தானாகவே நிறுத்தும் வசதி உங்கள் ஈஎஸ்சியில் இருக்க வேண்டும். பல கார்களில் அந்த வசதி இருந்தாலும், பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது நிக்கல் நிலையில் வைக்கப்பட்டிருக்கும். கையேட்டைப் பார்த்து லிப்போ நிலைக்கு மாற்றிய பின்னரே ஓட்டுங்கள். அந்த வசதியே இல்லையென்றால், பேலன்ஸ் கனெக்டரில் (ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்க உதவும் சிறிய இணைப்பில்) செருகும் சிறிய எச்சரிக்கை மணியைப் பயன்படுத்தலாம், ஆனால் தொலைவில் ஓடும் காரிலிருந்து அது உங்கள் காதுக்கு எட்ட வேண்டும்.

இரண்டாவது, சார்ஜர். நிக்கல் சார்ஜர், பேட்டரி நிறைந்ததும் மின்னழுத்தம் சற்றே குறைவதைக் கண்டு நிறுத்திக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. லிப்போவில் அந்தக் குறைவு வருவதே இல்லை. சார்ஜர் அதை எதிர்பார்த்து மின்சாரத்தைத் திணித்துக்கொண்டே இருக்கும், முடிவு தீயாகவும் இருக்கலாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து 4.2 வோல்ட்டில் சமன் செய்யும் பேலன்ஸ் சார்ஜருக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள், மீதியில் பேட்டரி வாங்குங்கள். 5000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி, அதாவது 5 ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள பேட்டரியை 5 ஆம்பியரில், அதாவது கொள்ளளவின் ஒரு மடங்கான 1சியில், சார்ஜ் செய்வது எப்போதும் பாதுகாப்பான வழக்கம்.

கேள்வி: 2எஸ் சலித்துவிட்டது. 3எஸ் போட்டால் வேகம் எவ்வளவு கூடும்?

மோட்டாரின் கேவி எண்ணைப் பேட்டரியின் மின்னழுத்தத்தால் பெருக்கினால், சுமையற்ற நிலையில் அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழலும் என்பது கிடைக்கும். 3300 கேவி மோட்டார் முழு சார்ஜ் செய்த 2எஸ்ஸில் 27,720 சுற்றும், 3எஸ்ஸின் 12.6 வோல்ட்டில் 41,580 சுற்றும் சுழலும். சுழற்சி ஒன்றரை மடங்குதான் கூடுகிறது என்றாலும், சக்தி ஏறத்தாழ மின்னழுத்தத்தின் இருபடியாக உயர்வதால், மோட்டாரும் பற்சக்கரங்களும் 2.25 மடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். ஈஎஸ்சியின் மேல் 3எஸ் என்று அச்சிட்டிருந்தாலும் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டுமே.

மாற்றத்தான் வேண்டும் என்றால் மோட்டார் தண்டிலுள்ள பினியன் என்ற சிறிய பற்சக்கரத்துக்குப் பதிலாகச் சில பற்கள் குறைந்த ஒன்றைப் பொருத்துங்கள். சில நிமிட ஓட்டத்துக்கு ஒருமுறை மோட்டாரின் வெப்பத்தை அளந்து, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இன்னும் குறையுங்கள். அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் காந்தம் வலுவிழக்கத் தொடங்கும். பிரஷ் உள்ள சாதாரண மோட்டாரில் 3எஸ் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை, பிரஷ்கள் வெகு விரைவில் தேய்ந்துவிடும்.

கேள்வி: இரண்டும் 2எஸ் 5000 எம்ஏஹெச் பேட்டரிகள். ஒன்றில் 50சி, மற்றொன்றில் 120சி என்று போட்டிருக்கிறது. கூடுதல் விலை தகுமா?

பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண்களில் மிகக் குறைவாக நம்பத்தக்கது இந்த சி எண்தான். கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டத்தைப் பேட்டரி தொடர்ந்து தரும் என்பதே அதன் பொருள். கணக்குப்படி 50சி என்றால் 250 ஆம்பியர், 120சி என்றால் 600 ஆம்பியர். பேட்டரியிலிருந்து வெளிவரும் கம்பியின் தடிமனைப் பாருங்கள், அதில் 600 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் கம்பியே உருகிவிடும். இந்த எண்ணை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே முறையில் அளப்பதில்லை என்பதால், ஒரு தயாரிப்பின் 50சி வேறொரு தயாரிப்பின் 100சியை எளிதில் வெல்லக்கூடும்.

பேட்டரியின் உண்மையான திறனைச் சொல்வது அதன் உள்தடை. நல்ல சார்ஜர்கள் இதை மில்லி ஓமில் காட்டும். மொத்த உள்தடை 5 மில்லி ஓம் கொண்ட பேட்டரியிலிருந்து 60 ஆம்பியர் எடுத்தால் 0.3 வோல்ட் மட்டும் சரிகிறது, 18 வாட் வெப்பமாக வீணாகிறது. உள்தடை 20 மில்லி ஓமாக இருந்தால் அதே 60 ஆம்பியருக்கு 1.2 வோல்ட் சரிந்து, 72 வாட் வெப்பம் பேட்டரிக்குள்ளேயே பிறக்கும். கார் மந்தமாவதும், பேட்டரி தொட முடியாதபடி சுடுவதும், சார்ஜ் மீதமிருக்கும்போதே ஈஎஸ்சி நிறுத்திவிடுவதும் இதனால்தான். வாங்கிய அன்றே, அறை வெப்பநிலையில், ஒவ்வொரு செல்லின் உள்தடையையும் குறித்து வையுங்கள். அது சில மாதங்களில் இருமடங்கானால் அந்தப் பேட்டரி முதுமை அடைந்துவிட்டது என்று பொருள்.

கடையில் அளந்து பார்க்க வாய்ப்பில்லாதபோது எடையைக் கவனிக்கலாம். ஒரே கொள்ளளவும் ஒரே அளவும் கொண்ட இரண்டில், அதிக சி எண்ணைச் சொல்லிக்கொள்ளும் பேட்டரி வெகுவாக எடை குறைந்திருந்தால் அதைச் சந்தேகியுங்கள், எண்ணுக்கேற்ற உலோகம் உள்ளே இல்லை.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு முதல் கார். எந்த பேட்டரி?

நிக்கல் உலோக ஹைட்ரைடு. முழுதாகக் காலியானாலும், மோதலில் அடிபட்டாலும் லிப்போவைப் போலத் தீப்பற்றும் அபாயம் அதில் இல்லை.

கேள்வி: அதிகக் கொள்ளளவு வாங்கினால் ஓட்ட நேரம் எவ்வளவு கூடும்?

சராசரியாக 20 ஆம்பியர் இழுக்கும் காரில் 5000 எம்ஏஹெச் பேட்டரி 15 நிமிடம் தரும். ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைப்பது பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது என்பதால் 12 நிமிடம் என்று கொள்ளுங்கள். 6000க்கு மாறினால் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகமாகக் கிடைக்கும், கூடவே எடையும் ஏறும். சிறிய காரில் அந்த எடை சஸ்பென்ஷனையும் திருப்பங்களையும் கெடுத்துவிடும். அளவான பேட்டரிகள் இரண்டை வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுவதே என் விருப்பம், இடையில் மோட்டாருக்கும் ஆற நேரம் கிடைக்கும்.

கேள்வி: பல மாதம் எடுக்காமல் வைத்திருந்த லிப்போவில் ஒரு செல் 2 வோல்ட்டுக்கும் கீழே இருக்கிறது. சார்ஜர் ஏற்க மறுக்கிறது. நிக்கல் நிலையில் சிறிது நேரம் ஏற்றி எழுப்பலாம் என்கிறார் நண்பர். பேட்டரி லேசாக உப்பியும் இருக்கிறது.

செய்யாதீர்கள். செல் அவ்வளவு ஆழமாக வறண்டால், உள்ளிருக்கும் செம்புத் தகடு மின்பகுளியில் கரையத் தொடங்குகிறது. மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்குச் சுற்றை உண்டாக்கக்கூடும். உப்பியிருப்பது மின்பகுளி சிதைந்து வாயு பிறந்ததன் அடையாளம். வாயுவை வெளியேற்ற ஊசியால் குத்தும் ஆலோசனையும் சிலரிடமிருந்து வரும், அது தீயை அழைப்பதற்குச் சமம். முனைகளைத் தனித்தனியாக நாடா சுற்றி மூடி, எரியாத பாத்திரத்தில் வைத்து, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.

அடுத்த பேட்டரியைச் சேமிக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். சார்ஜரில் இதற்கென்றே சேமிப்பு நிலை இருக்கும். முழு சார்ஜில் வாரக்கணக்கில் கிடப்பதும் லிப்போவைக் கெடுக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: விமானத்தில் எடுத்துச் செல்லலாமா?

முழு சார்ஜ் அளவை அல்ல, பேட்டரியில் அச்சிட்டுள்ள மின்னழுத்தத்தை (2எஸ்ஸில் 7.4, 3எஸ்ஸில் 11.1 வோல்ட்) ஆம்பியர் மணியால் பெருக்கி வாட் மணியைக் கண்டுபிடியுங்கள். 2எஸ் 5000 எம்ஏஹெச் 37 வாட் மணி. 3எஸ் ஆனால் 55.5. பொதுவாக 100 வாட் மணிக்குள் இருந்தால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவைப்படாது, 100 முதல் 160 வரை அனுமதி வேண்டும். காரிலிருந்து கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் பயணிக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. கனெக்டரை மூடி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் வைத்து, சேமிப்பு மின்னழுத்தத்துக்கு இறக்கியபின் கொண்டுசெல்லுங்கள்.