‘வேலை அதிகம் அண்ணே’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

கேள்வி: நான் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். வயது 25. 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பள்ளிக் கூட்டாளிகளோடு சேர்ந்து கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற கைப்பேசி ஆட்டத்தில் ஒரு கிளான், அதாவது குழு, தொடங்கினேன். எல்லாரும் தமிழர்கள். பாதிப் பேர் எங்கள் ஊரும் சுற்றுத் தோட்டங்களும், மற்றவர்கள் பேராக், நெகிரி செம்பிலான், கொஞ்சம் தமிழ்நாடு. ஒரு கட்டத்தில் 50 இடமும் நிரம்பி, வெளியே ஆள் காத்திருந்தார்கள். இப்போது 17 பேர். மாதந்தோறும் 7 நாள் நடக்கும் லீக் போருக்கு 15 பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. ஒழுங்கு வேண்டும் என்று, போரில் இரவு 10 முதல் 11 மணிக்குள் எல்லாரும் எதிரிக் கிளானைத் தாக்கவேண்டும், 2 முறை தவறினால் நீக்கம் என்று விதி வைத்திருக்கிறேன். யாரோடும் சண்டை இல்லை. கேட்டால் ‘வேலை அதிகம் அண்ணே’ என்கிறார்கள். நான் எங்கே தவறு செய்தேன்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ‘யாரோடும் சண்டை இல்லை’ என்பது. சண்டை போட்டுப் பிரிகிறவர் தன் குறையைச் சொல்லிவிட்டாவது போகிறார். சத்தமில்லாமல் போகிறவர் எதையும் விட்டுவைப்பதில்லை. எதைத் திருத்துவது என்று தலைவனுக்குத் தெரியாமலே போகிறது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-ல் இதை அழகாக விளக்கினார். ஓர் அமைப்பில் மனக்குறை உள்ளவருக்கு இரண்டு வழி உண்டு. வாய் திறந்து சொல்லலாம், அல்லது விலகிப் போகலாம். விலகுவது சுலபமாக ஆக, வாய் திறப்பவர்கள் குறைவார்கள். அவர் நிறுவனங்களையும் அரசுகளையும் மனத்தில் வைத்து எழுதினார். கிளானுக்கு அது இன்னும் பொருந்தும். விலக ஒரு பொத்தான் போதும். சொல்வதோ நம்மவர்களுக்குக் கஷ்டம். நீங்கள் அவருக்கு அண்ணனின் கூட்டாளியாக இருப்பீர்கள், கோயில் திருவிழாவில் நேரில் பார்க்கவேண்டிய முகமாக இருப்பீர்கள். முகத்தை முறித்துப் பேச மனம் வராது. ‘வேலை அதிகம் அண்ணே’ என்பது அந்த முகதாட்சண்யத்தில் பிறந்த சொல். அதைப் பொய் என்றும் எடுக்காதீர்கள், முழுக் காரணம் என்றும் எடுக்காதீர்கள். விடைபெறும்போது காட்டும் மரியாதை அது.

சரி, காரணம் எங்கே இருக்கிறது? ஒருவர் எதற்காக ஒரு கிளானில் இருக்கிறார் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். கலிஃபோர்னியாவில் உள்ள பார்க் (PARC) என்ற ஆய்வகத்தில் நிக்கலா டுஷெனோ, நிக் யீ ஆகியோர் இருந்த குழு, 2006-லும் 2007-லும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டத்தின் கில்டுகளை, அதாவது ஆட்டக் குழுக்களை, ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டது. பட்டியலில் எத்தனை பெயர் இருந்தாலும், ஒருவர் உண்மையில் சேர்ந்து விளையாடுவது அதில் சிறு பகுதியினரோடுதான் என்று அவர்கள் கண்டார்கள். மற்றவர்கள் அக்கம்பக்கத்து வீட்டு விளக்கு மாதிரி. எரிவது தெரிந்தால் மனத்துக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தில் நானும் அப்போது ஒரு கில்டு நடத்திக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் பெரிய ரெய்டுகளுக்கு, அதாவது கூட்டாகச் செய்யும் தாக்குதல்களுக்கு, 40 பேர் வேண்டும். ஆள் சேர்ப்பதற்கே உயிர் போகும். 2007 ஜனவரியில் புதிய விரிவாக்கம் வந்தது. ரெய்டுகள் 10 பேருக்கும் 25 பேருக்கும் என்று சுருங்கின. 40 பேரை வைத்திருந்த கில்டுகளுக்கு அது பேரிடி. நான் நன்றாக விளையாடும் 25 பேரைப் பொறுக்கி எடுத்தேன். விடுபட்டவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, போய்விட்டார்கள். அடுத்த ஒரு மாதத்தில் தேர்ந்தெடுத்த 25 பேரிலும் பலர் போனார்கள். அவர்களுக்கு என்ன குறை என்று எனக்கு அப்போது புரியவே இல்லை. விடுபட்டவர்களில்தான் அவர்களுடைய ஆள் இருந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. தினமும் ராத்திரி யாரோடு பேசிச் சிரித்தார்களோ அந்த ஆள். இன்றும் நினைத்தால் மனது கனக்கிறது. நான் ஆட்டத் திறமையை மட்டும் எண்ணினேன். யார் யாருக்காக இருக்கிறார் என்று எண்ணவில்லை.

ஆகவே உங்கள் 33 பேரும் தனித்தனியாகப் போயிருக்க மாட்டார்கள். பழைய புலனக் குழுவைத் திறந்து, யார் போன இரண்டு வாரத்துக்குள் அடுத்து யார் போனார் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்று பேராகக் கொத்துக் கொத்தாகப் போயிருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு கொத்திலும் முதலில் போனவர் யார், அவருக்கு அப்போது என்ன நடந்தது என்று மட்டும் பார்த்தால் போதும். மற்றவர்கள் அவருக்காகப் போனவர்கள்.

இன்னொன்று. ஒருவர் வெளியேறினார் என்று நீங்கள் குறித்த தேதி, அவர் மனத்தால் வெளியேறிப் பல வாரம் கழிந்த தேதி. அதற்கு முன்பே படைகளை நன்கொடை கொடுப்பது நின்றிருக்கும். போரில் 2 தாக்குதலில் ஒன்றை மட்டும் செய்திருப்பார். அரட்டையில் முன்பு வாக்கியமாக எழுதியவர் கட்டைவிரலை மட்டும் போட்டிருப்பார். உறுப்பினர் பட்டியலில் நன்கொடைக் கணக்கு உங்கள் கண்முன்னேயே இருக்கிறது. மாதக் கடைசியில் அதைப் பார்த்து யாரை நீக்கலாம் என்று யோசிக்கும் தலைவர்கள் உண்டு. யாரிடம் பேசவேண்டும் என்று யோசிக்க அதைப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் விதிக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. இந்த ஆட்டத்தில் ஆயத்த நாள் 23 மணி நேரம், போர் நாள் 24 மணி நேரம். காலை ஷிஃப்டுக்காரரும் இரவு ஷிஃப்டுக்காரரும் ஒரே போரில் நிற்கட்டும் என்று ஆட்டமே இவ்வளவு தாராளமாக நேரம் கொடுக்கிறது. அதை நீங்கள் ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டீர்கள். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் எண்ணுவார்களே, அதுபோல ராத்திரி 10 மணிக்கு எண்ணுகிறீர்கள்.

2020-ல் அது யாருக்கும் உறுத்தியிருக்காது. மார்ச் 18-லிருந்து எல்லாரும் வீட்டுக்குள். பள்ளி இல்லை, பேருந்து இல்லை, மாமாக் கடையில் உட்கார முடியாது. 10 மணிக்கு எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டே இவ்வளவு வருடம் வந்துவிட்டீர்கள். ஆட்கள் மாறிவிட்டார்கள். அப்போது ஐந்தாம் படிவத்தில் இருந்தவன் இப்போது தொழிற்சாலை பஸ்ஸுக்கு விடியுமுன் எழுகிறான். ஜோகூரில் தங்கிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன், பாலத்து நெரிசலுக்கு முந்தவேண்டும் என்று அதைவிட முன்னே எழுகிறான். அவனுக்கு 10 மணி நடுச்சாமம். தமிழ்நாட்டுக்காரருக்கோ உங்கள் 10 மணி என்பது மாலை 7.30. வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருப்பார், அல்லது பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். அவர் ஓய்வாக உட்காரும் 10.30-க்கு உங்கள் ஊரில் மணி 1. ஒரே மொழி பேசினாலும் உங்களுக்குள் இரண்டரை மணி நேரம் குறுக்கே நிற்கிறது. 2 முறை தவறி நீக்கப்பட்டவர் சோம்பேறியாக இருந்திருக்க வேண்டியதில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். வியாழன் இரவு 11 மணிக்குப் போரைத் தொடங்கினால், ஏறக்குறைய வெள்ளி இரவு 10-லிருந்து சனி இரவு 10 வரை போர் நாள். ஆயத்த நாளிலேயே ஒவ்வொருவரும் தான் தாக்கவேண்டியது எதிரியின் எந்தத் தளம் என்று குறித்துக்கொள்ளட்டும். முதல் தாக்குதலை எப்போது வேண்டுமானாலும் செய்யட்டும். கடைசி 3 மணி நேரத்தை மட்டும் மிச்சம் மீதியை முடிக்க வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போருக்கு வர முடியாதவர் விலகி நிற்கிறேன் என்று தன் கணக்கிலேயே காட்டிக்கொள்ளலாம். அதைப் பயன்படுத்துவது குற்றமில்லை என்று நீங்களே வாய்விட்டுச் சொன்னால் பலருக்கு மூச்சு வரும்.

லீக் போரின் கூடுதல் பதக்கங்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் நான் கேட்காமல் விடமாட்டேன். அவை எல்லாருக்கும் போதாது. யாருக்கு என்று முடிவு செய்வது தலைவர் கையில். யாருக்குக் கொடுத்தீர்கள்? அதிக நட்சத்திரம் எடுத்தவர்களுக்கே ஒவ்வொரு மாதமும் கொடுத்திருந்தால், 7 நாளும் தவறாமல் தாக்கி, சின்ன டவுன்ஹாலோடு, அதாவது கீழ்நிலையில் இருந்துகொண்டு, பெரிய தளத்தில் மோதி ஒரு நட்சத்திரம் எடுத்த பையன் ஒரு தடவைகூட வாங்கியிருக்க மாட்டான். அவன் கேட்கவும் மாட்டான். கேட்டால் அற்பத்துக்கு அலைவதுபோல் ஆகிவிடும் என்று நினைப்பான். லீக் தொடங்கும் முன்பே முறையை எழுதிப் போடுங்கள். பாதி திறமைக்கு, பாதி சுழற்சி முறையில் என்று வைத்தால் பெரும்பாலோர் ஏற்பார்கள். முன்கூட்டிச் சொன்ன முறை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மனத்தாங்கல் குறைவு.

உங்கள் கையில் இல்லாதவையும் உண்டு, அவற்றை நீங்கள் சுமக்கவேண்டாம். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அதில் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டமும் இருந்தது. தமிழ்நாட்டு உறுப்பினர்களை வைத்திருந்த குழுக்களுக்கு அதில் என்ன செய்ய முடியும்? பழைய கைப்பேசியில் இடம் நிரம்பி ஆட்டத்தை நீக்கியவரும் இருப்பார். புதுக் கைப்பேசி வாங்க வெள்ளி இல்லை என்பதை யாரும் குழுவில் எழுதமாட்டார்கள். கல்யாணம், குழந்தை, சலிப்பு, எல்லாம் நடக்கும்.

ஆனால் ஒன்றைத் தடுத்திருக்கலாம். உங்கள் 50 பேரில் பாதிப் பேர் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வட்டாரம். சேர்க்கும்போது அது பலம். எஸ்பிஎம் முடிந்ததும் அதே கூட்டம் ஒரே நேரத்தில் மெட்ரிகுலேஷனுக்கும் பாலிடெக்னிக்குக்கும் பட்டணத்து வேலைக்கும் கிளம்பும். தோட்ட ஊர்களின் காற்பந்துக் குழுக்கள் எப்படிக் கரைந்தன என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், இதே கதையைச் சொல்வார். உங்கள் ஊரில் யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, அங்கே ஆள் கிடைக்கும். ஆனால் மாணவர்களை மட்டுமே நம்பினால் படிப்பு முடிந்ததும் மறுபடி இதே நிலைதான். மூன்றாம் படிவத்துப் பிள்ளை, வேலைக்குப் போகிறவர், 40 வயதுக்காரர் என்று கலந்து எடுங்கள். 40 வயதுக்காரர்கள் எளிதில் இடம் மாறுவதில்லை, சின்னப் பிள்ளைகள் அரட்டையில் வாய் தவறினால் அதட்டவும் செய்வார்கள். புதிதாக வருகிறவரை முதல் நாளே ஒரு பழைய ஆளோடு சேர்த்துவிடுங்கள். ‘இவருக்குத் தளம் அமைக்க நீங்கள் சொல்லிக்கொடுங்கள்’ என்று பெயர் சொல்லி ஒப்படைக்கவேண்டும். பொதுவாக ‘வரவேற்கிறோம்’ என்று 17 பேர் எழுதுவதைவிட அந்த ஓர் ஆள் அவரைப் பிடித்து வைப்பார்.

போரைத் தொடங்குவதும் நீங்கள், விதியும் நீங்கள், நீக்குவதும் நீங்கள் என்றால், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கிளானுக்கும் காய்ச்சல். வேறு ஷிஃப்டில் இருக்கும் ஒருவரையும் தமிழ்நாட்டில் ஒருவரையும் துணைத் தலைவராக்குங்கள். அவர்களும் போர் தொடங்கலாம். அவர்கள் முடிவெடுத்துத் தோற்றாலும் குழுவில் திட்டாதீர்கள்.

லீக்குக்கு 15 பேர் என்று திண்டாடிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். சாதாரணப் போரை 5 பேரோடும் 10 பேரோடும் நடத்தலாம். 10 பேர் போர் இரண்டு மூன்று வைத்து, அரட்டையில் மறுபடி பேச்சு எழுகிறதா என்று பாருங்கள். இந்த வாரம் அந்த 17 பேரில் நன்கொடை குறைந்த மூவரைத் தனிச் செய்தியில் கேளுங்கள். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டால் மன்னிப்புத்தான் வரும். ‘எந்த நேரம் உனக்குத் தோதுப்படும்’ என்று கேளுங்கள், விவரம் வரும்.

போன 33 பேரிடம் இப்போதே காரணம் கேட்டு எழுதவேண்டாம். தீபாவளிக்கு ஊருக்கு வருவார்கள். ‘விடுமுறையில் 5 பேர் போர் ஒன்று, வர்றியா?’ என்று, கொத்துக் கொத்தாகப் போனார்களே, ஒவ்வொரு கொத்திலும் முதலில் போனவருக்கு மட்டும் எழுதுங்கள். வந்தால் அவர் கூட்டாளிகளை அவரே அழைத்துவருவார்.