அழிந்த அலையின் சக்தி எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். மகன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். போன கிழமை பேரை வாவிக் கரையில் நின்றபோது தூறல் போட்டது. துளி விழுந்த இடமெல்லாம் வளையம். ஒன்றையொன்று ஊடறுத்து, எதுவும் நடக்காதமாதிரிப் போய்க்கொண்டிருந்தன. "அலையின் முடியும் தாழியும், அதாவது மேடும் பள்ளமும், சந்தித்தால் அழிந்துவிடும் அம்மா" என்றான். அழிந்தது எப்படித் திரும்ப வந்தது, அதன் சக்தி எங்கே போனது என்று கேட்டேன். கணக்கெல்லாம் சரியாகச் செய்கிற பிள்ளை, இதற்குப் பேசாமல் நின்றான். விளக்குவீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

மகனைக் குழப்பியது 'அழிவு' என்ற சொல்தான். அலைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதை அழிவுத் தலையீடு என்று படித்தால், ஏதோ செத்துப்போனதாகத்தானே பிள்ளை நினைக்கும்? அங்கே எதுவும் அழிவதில்லை.

ஒரு நீளக் கயிற்றை இருவர் பிடித்துக்கொண்டு, ஒருவர் மேல்நோக்கியும் மற்றவர் கீழ்நோக்கியும் ஒரேயளவாக உதறுங்கள். இரண்டு துடிப்புகளும் நடுவில் சந்திக்கிற கணத்தில் கயிறு நேராகக் கிடக்கும். புத்தகத்துப் படம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதில்தான் மனக்குறை. அந்தக் கணத்தில் கயிறு நேராக இருக்கிறதே தவிர, ஓய்ந்திருக்கவில்லை. சந்தித்த பகுதியில் ஒரு பாதி மேலேயும் மறு பாதி கீழேயும், தனித் துடிப்பில் இருந்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தோடு பாய்ந்துகொண்டிருக்கும். சக்தி முழுவதும் அப்போது இயக்கசக்தியாக இருக்கிறது. அடுத்த கணம் துடிப்புகள் மறுபடி எழுவது அதனால்தான். உங்கள் வளையங்களும் அப்படியே.

தொடர்ந்து வரும் அலைகளில் கதை கொஞ்சம் வேறு. சக்தி வீச்சத்தின் (அலை எழும் உயரத்தின்) வர்க்கத்துக்கு விகிதசமம். இரண்டு சம அலைகள் ஒரே அவத்தையில், முடியோடு முடியாக, சேரும் இடத்தில் வீச்சம் இரண்டு மடங்கு, சக்தி நான்கு மடங்கு. எதிர் அவத்தையில், முடியோடு தாழியாக, சேரும் இடத்தில் பூச்சியம். சராசரி இரண்டு, அதாவது இரண்டு அலைகளும் கொண்டுவந்த அதே அளவு. இங்கே குறைந்தது அங்கே கூடியிருக்கிறது.

1803இல் தோமஸ் யங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, சூரியக் கதிரின் நடுவே ஒரு மெல்லிய அட்டைத்துண்டை விளிம்பாகப் பிடித்தார். அதன் நிழலுக்குள் ஒளியும் இருளுமாகக் கோடுகள் விழுந்தன. ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்ததும் கோடுகள் போய்விட்டன. இருண்ட கோட்டுக்கு இரண்டு பக்கத்து ஒளியும் வேண்டியிருந்தது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

வீட்டிலேயே இதைக் காதால் கேட்கலாம். கொழும்பு வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர். கைத்தொலைபேசியில் 700 ஹேர்ட்ஸ் ஒலியை விட்டால் அலைநீளம் அரை மீற்றர். தொலைபேசியைச் சில மீற்றர் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்து வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேரே வரும் அலையோடு சேரும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் காதைச் சுவரில் இருந்து மெல்ல விலக்குங்கள். சுவரோரம் உரத்துக் கேட்கும். 12, 13 சென்ரிமீற்றரில் அடங்கும். பிறகு 37 அளவில் மறுபடி அடங்கும். (சுவரில் கணு, அதாவது அசைவில்லாத இடம், அல்லவா என்று மகன் கேட்பான். அது காற்றின் இடப்பெயர்ச்சிக்கு. காது உணர்வது அமுக்க மாற்றத்தை. அது சுவரில் உச்சம்.)

அந்த இரண்டாவது இடத்தில் காதை அசைக்காமல் வைத்துக்கொண்டு, சுவரில் ஒரு தடித்த தலையணையைச் சாத்தச் சொல்லுங்கள். திரும்பி வரும் அலை மெலியும். அடங்கியிருந்த ஒலி கூடும்.