உழைப்பாளர் சிலை மாதிரி கடற்கரையில் நிற்கும் வெண்கலச் சிலைகளில் பச்சை பூத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா? முறையாகச் சீரமைப்பது எப்படி?

தேய்க்கவே கூடாது. அதைவிட முக்கியம், பெயிண்ட் அடிக்கக் கூடாது.

மெரினா உழைப்பாளர் சிலையையே எடுத்துக்கொள்வோம். 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959 குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் திறந்தார்கள். அவர் 1975-இல் காலமானார். பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகுத் தசையும் விலா எலும்பும் அவர் கைப்பட வடித்தவை. வார்ப்பில் பதிந்திருக்கும் அந்த நுணுக்கங்கள்தான் சிலையின் உயிர். ஒயர் பிரஷ் பட்டால் அவை மழுங்கும். மறுபடி உண்டாக்க அவர் இல்லை.

பச்சையில் இரண்டு வகை. கையால் தேய்த்தாலும் வராமல், கெட்டியாக, கருமை கலந்து படிந்திருக்கும் களிம்பு உலோகத்துக்குத் தோல் மாதிரி. அதைத் தொட வேண்டியதில்லை. வெளிர்பச்சையில், மாவு போல உதிரும் புள்ளிகள்தான் நோய். கடற்காற்றின் உப்பு செம்போடு சேர்ந்து கப்ரஸ் குளோரைடு என்ற செம்புச் சேர்மமாகப் பள்ளங்களில் தங்குகிறது. ஈரமும் காற்றும் பட்டதும் அது பச்சைப் பொடியாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்று மீண்டும் குளோரைடாகிறது. மேலே துடைத்தால் நிற்காததற்குக் காரணம் இந்தச் சுழற்சி. சந்தேகம் இருந்தால் சிட்டிகைப் பொடியை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் மாதிரி வெளுத்தால் குளோரைடு.

குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கும் யோசனையைப் பலர் சொல்வார்கள். புளி நல்ல களிம்பையும் சேர்த்துக் கரைக்கும், உப்பு குளோரைடை இன்னும் ஏற்றும். விளக்கை மாதாமாதம் துலக்கலாம்; சிலையை அப்படித் துலக்க முடியாது.

வேலையை பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாப் பக்கமும் படம். மாலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் பள்ளங்களும் விரிசல்களும் தெளிவாகத் தெரியும். பிறகு மரச் சுத்தியால் மெல்லத் தட்டி, சத்தம் எங்கே மாறுகிறது என்று கேளுங்கள், அடியில் உள்ள வடிகால் துளைகள் வழியே எண்டோஸ்கோப் (குழாய் கேமரா) விட்டு உள்ளே பாருங்கள். கால் பக்கத்து இணைப்புகளில் செம்பழுப்புக் கசிவு தெரிந்தால் உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். வெண்கலத்தோடு தொட்டுக்கொண்டு ஈரத்தில் நிற்கும் இரும்புதான் முதலில் அரிபடும். துரு பருத்து வெண்கலத்தையே பிளக்கும். அந்தச் சட்டத்தை இணைக்கும் போல்ட்டுகளை 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றி, நடுவே நைலான் வாஷர் கொடுக்க வேண்டும். 304 ரகம் கடற்கரையில் குழி விழும். பல இடங்களில் வடிகால் துளையை அசிங்கமென்று சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். மழைநீர் உள்ளே தேங்குவது அதனால்தான். அதைத் திறந்துவிடுங்கள்.

கழுவ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 50-க்குக் கீழுள்ள ஆர்.ஓ. தண்ணீரில் அயனியற்ற (non-ionic) சோப்புக் கரைசல் 1 சதவீதத்துக்குள், மிருதுவான நைலான் பிரஷ். பறவை எச்சத்தை ஈரப் பஞ்சு வைத்து 20 நிமிடம் ஊறவிட்டு மூங்கில் சீவலால் எடுக்கலாம். சிலையிலிருந்து வழியும் தண்ணீரின் டிடிஎஸ், ஊற்றும் தண்ணீரின் அளவுக்கு இறங்கும் வரை அலசுங்கள். பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் பென்சைல் ஆல்கஹால் வகை ஜெல் போடலாம். மெத்திலீன் குளோரைடு கலந்தது வேண்டாம், அதிலும் குளோரின். எந்த மருந்தானாலும் முதலில் கண்ணில் படாத 5 செ.மீ. சதுரத்தில் சோதித்துப் பாருங்கள்.

உதிரும் புள்ளிகளை பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஸ்கால்பெலால் (அறுவைக் கத்தி) ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும். அவசரப்படக் கூடாத கட்டம் இது. பிறகு 100 மில்லி எத்தில் ஆல்கஹாலில் செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் 3 கிராம் கரைத்து, ஒவ்வொரு முறையும் காயவிட்டு மூன்று முறை பூசுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், அது நச்சு. மேலே வெள்ளைப் படிகம் தங்கினால் ஆல்கஹால் துணியால் துடைத்துவிடுங்கள்.

கடைசியில் மெழுகு. தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியிலேயே உருகும். சித்திரை வெயிலில் இளகித் தூசியைப் பிடிக்கும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகில் 80 டிகிரிக்கு மேல் உருகும் ரகம் வாங்குங்கள். ஆல்கஹால் முழுக்க ஆவியான பின், ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) கையகல இடமாகச் சூடேற்றி மெழுகைத் தொடுங்கள்: உருகிப் பரவினால் சூடு சரி, புகை வந்தால் அதிகம், களிம்பின் நிறம் மாறிவிடும். ஆறியதும் பருத்தித் துணியால் மெருகிட்டு, மறுநாள் டர்பன்டைனில் குழைத்த மெழுகுப் பசையை இரண்டாம் பூச்சாகக் குளிர்ந்த நிலையில் போடுங்கள்.

இன்க்ராலாக் மாதிரி அக்ரிலிக் பூச்சு அதிக நாள் தாங்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு கீறல் விழுந்தால் அதன் அடியிலேயே அரிப்பு நூல் நூலாகப் பரவும். நீக்க டாலுயீன் வேண்டும். ஊராட்சியோ மாநகராட்சியோ தன் ஆட்களை வைத்தே பராமரிக்க வேண்டிய சிலைக்கு மெழுகுதான் பொருத்தம். ஆனால் வருடத்துக்கு இருமுறை, செப்டம்பரிலும் ஜனவரியிலும், கழுவி மெழுகிட வேண்டும். இடையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது, தட்டையாகப் பரவினால் போய்விட்டது.

மே தினத்துக்குப் போடும் மாலையை அன்று இரவே எடுத்துவிடுங்கள். ஈரப் பூ தோள் மடிப்பில் கிடந்தால் அந்த இடம்தான் முதலில் பச்சை பூக்கும். மாலையைக் கட்டும் கம்பி மெழுகைக் கீறும் என்பதால் சணல் நூலில் கட்டச் சொல்லுங்கள்; ஏணியின் நுனிக்கும் ரப்பர் சுற்றுங்கள்.