வீட்டுக்காரர் கையில் மாற்றுச் சாவி

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு மாடிப் போர்ஷனில் மகளுடன் வாடகைக்கு இருக்கிறேன். கணவர் குவைத்தில். டியூட்டி முடிந்து மாலையில் வந்தால் சில நாள் அடுக்களை ஜன்னல் திறந்து கிடக்கும், கட்டில் விரிப்பெல்லாம் கதம்பைத் (தேங்காய் மட்டை) தூசி. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டால், "மச்சுல தேங்கா போட வந்தேன் மக்களே. நம்ம வீடுதானே, தாக்கோலும் (சாவியும்) நம்மகிட்ட இருக்கு" என்கிறார். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. தட்டிக்கேட்டால் காலி பண்ணச் சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: வீடு அவருடையதுதான், யார் இல்லை என்றது? ஆனால் வாடகைக்கு விட்டபிறகு அதன் அனுபவம் உங்களுடையது. மச்சும் உங்கள் போர்ஷனில் சேர்ந்ததென்றால், அங்கே தேங்காய் போடவும் உங்களைக் கேட்டுத்தான் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் (2017-ல் இயற்றியது) இதைத் தெளிவாகவே சொல்கிறது. பழுது பார்க்கவோ வீட்டின் நிலையைப் பார்க்கவோ உரிமையாளர் உள்ளே வரலாம். ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பே, என்ன காரணம், எந்த நாள், எத்தனை மணி என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒக்கி மாதிரி புயல், தீ, வெள்ளம் என்றால் மட்டும் விலக்கு. தேங்காய் அந்தக் கணக்கில் வராது.

இப்போது உங்கள் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் எழுதாமல் இருப்பதையே காரணம் காட்டி, வீட்டைத் திருப்பித் தரும்படி அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். அதே சட்டத்தின் 21-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதனால் எடுத்த எடுப்பில் போலீஸ், கேஸ் என்று கிளம்பாதீர்கள். அதற்காகப் பயந்து ஒடுங்கவும் வேண்டாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்கள் சாமான்களைத் தூக்கி வெளியே வைக்கவோ, கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தவோ அவருக்கு அதிகாரம் இல்லை.

முதலில் வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணாச்சி, நான் இல்லாத நேரத்தில் வீட்டைத் திறக்க வேண்டாம். ஏதாவது வேலை இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள், நான் இருக்கும்போது வாருங்கள்." இவ்வளவு போதும். கோபத்தில் நாலு வரி கூட்டி எழுதினால், பின்னால் அதையே எடுத்துக் காட்டுவார். அப்புறம், கதவில் கொண்டி இருந்தால் சொந்தமாக ஒரு பூட்டு வாங்கிப் போடுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். "கணவர் கேட்கச் சொன்னார்" என்றே ஆரம்பியுங்கள், கணவர் வெளிநாட்டில் இருப்பதால் கிடைக்கும் ஒரே வசதி இது! வாடகை, அட்வான்ஸ் தொகையோடு, முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்பதையும், மச்சு யாருக்கு என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். எழுதியதைப் பதிவு செய்வதும் முக்கியம். வாடகை ஆணையத்தில் முறையிடப் போனாலும் அது கையில் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

செய்தி அனுப்பிய பிறகும் அவர் திறந்து வந்தால் போலீஸில் புகார் கொடுக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு அத்துமீறி நுழைவதைப் பற்றியது. மிரட்டும், அவமதிக்கும் அல்லது தொந்தரவு தரும் நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் எழுத்தில் சொன்ன பிறகும் வந்தார் என்பது அங்கே உதவும்.

நீங்களோ மகளோ தனியாக இருக்கும்போது கேட்காமல் உள்ளே வந்தால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். உடனே மகளிர் உதவி எண் 181-க்கு அழையுங்கள், மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

வக்கீல் செலவுக்கு யோசிக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். போகும்போது வாடகை அனுப்பிய ஜிபே விவரங்களைப் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் இல்லாத நிலையில், நீங்கள் அங்கே குடியிருப்பதற்கு இப்போதைக்கு அதுதான் அத்தாட்சி.