ஆன்டிபயாட்டிக்கில் இருந்து செய்த மருந்து புற்றுநோய் வைரஸை அடக்குமாமே, அம்மாவுக்குக் கேட்டுப் பார்க்கலாமா?

நீங்கள் சொல்வது டீபீக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் குடும்பத்தை என்று நினைக்கிறேன். அம்மாவுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்றும் ஊகிக்கிறேன், தப்பென்றால் மன்னியுங்கள். நான் டொக்டர் இல்லை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை.

எங்கள் அப்பாவுக்கு டீபீ வந்து ஆறு மாசம் அந்தச் சிவப்புக் குளிசை குடித்தார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று லயமே பயந்தது. ஆனால் சுகமானார். அன்றிலிருந்து அந்தக் குளிசை மேல் எனக்கு ஒரு பக்தி. பிறகு அத்தைக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்றதும் நெட்டில் தேடினேன். அதே குடும்பத்து ரிஃபாமைசினை மாற்றிச் செய்த மருந்துகள் எலி, கோழி உயிரணுக்களில் புற்று வைரஸைத் தடுத்ததாக 1970களின் ஆய்வுகள் இருந்தன. அப்பாவுக்கு மருந்து கொடுத்த மார்பு கிளினிக்குக்கே ஓடிவிட்டேன். "அத்தைக்கும் கொஞ்சம் தாங்க மிஸ்." அந்த நர்ஸ் மிஸ் சிரிக்கவில்லை, அது பெரிய மனசு. "உங்க அத்தையோட வைரஸ் வேற சாதி தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான் விளங்கியது. அந்த எலி, கோழி வைரஸ்கள் தங்கள் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்ற ஒரு நொதி வைத்திருக்கின்றன. டெமின், பால்டிமோர் என்ற விஞ்ஞானிகள் 1970இல் கண்டது அதைத்தான். அந்த மருந்துகள் மறித்ததும் அதையே. அளவைக் கூட்டினால் உயிரணுவின் சொந்த நொதிகளையும் தொட்டதால் புற்றுநோய் மருந்தாகத் தேறவில்லை. அத்தைக்கு அந்தப் புற்றைக் கொண்டுவந்த எச்.பி.வி.யோ டி.என்.ஏ. வைரஸ், அதனிடம் அந்த நொதியே கிடையாது. நான் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு கொழுந்தெடுக்கப் போயிருக்கிறேன்.

உடனே யாராவது டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். அதுவும் மண் நுண்ணுயிர் தந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தாக்குவது வைரஸை இல்லை, உயிரணுவின் டி.என்.ஏ.யை. இன்னொன்று, ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கி மற்ற பல மருந்துகளின் பலனைக் குறைத்துவிடும். அம்மாவின் டொக்டரிடம் கேட்காமல் ஒரு குளிசைகூடக் கொடுக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். 35 வயதில், கருப்பைக் கழுத்தைச் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூப்பிட்டபோது அத்தை போகவில்லை. போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. மத்தியானம் ஓடி வந்து மலை ஏறினாலும் அரைப்பேர்தான் விழும். தோட்டத்துப் பேரைச் சொல்ல மாட்டேன், அங்கேதான் இன்னும் இருக்கிறோம். 2017இல் இருந்து தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள், என் மகளுக்கும் ஆயிற்று. பள்ளிக்கூடத்திலேயே போட்டதால் யாருக்கும் பேர் போகவில்லை.

உங்கள் அம்மா கிளினிக் போகிற நாளில் அங்கே முழுப்பேர் போடுகிறார்களா?